என் பெயரில் கிடந்த உன் படம்

என்னைவிட ஒன்றரை வயது மட்டுமே மூத்தவளாக இருந்தும், பெற்றவளைப்போல் கடைசிவரை என்னை அதட்டிக்கொண்டிருந்த என் பரமேஸ்வரி அக்காவுக்கு,

வருகிற கிழமை உனக்கு இரண்டாம் ஆண்டுத் திவசம். பேப்பரில் நினைவஞ்சலி போடவேண்டும் என்றார் உன் மனுசன், எங்கள் அத்தான். உன் படம், பிறந்த திகதி, மறைந்த திகதி, கீழே நாலு வரிப் பாட்டு. பாட்டு எழுதிக்கொடுக்கிறவரும் கொப்பியோடு வந்து கதிரையில் இருந்துவிட்டார். நான்தான் தேத்தண்ணி கொடுத்து, பாட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

உன்னுடைய முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகத்திலும் பாட்டுத்தானே போட்டோம். காலன் உன்னைக் கவர்ந்துகொண்டு போனதாக எட்டுப் பக்கத்துக்கு அச்சடித்து, சாப்பிட வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் கொடுத்தோம். பழியைக் காலன் தலையில் போட்டால் அவன் வந்து மறுப்பு அறிக்கை விடப்போகிறானா? ஆனால் நடந்தது அப்படியில்லை, அக்கா. அது உனக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்கே இந்தச் சித்திரை முடிகிற நேரத்தில்தான் தெரியவந்தது.

அதனால் இந்தமுறை பாட்டுக்குப் பதில் கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் பேப்பருக்குக் கொடுக்கிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மற்றக் கதை கேட்கமாட்டாய். பெரும்போகம் நல்லாய் விளைந்தது. சிறுபோகத்துக்குக் கல்மடுக் குளத்துத் தண்ணி பாதிக் காணிக்குத்தான் வந்தது. உன் சிவப்பி மாடு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. அத்தான் இப்போது தானே சமைக்கிறார், குசினிக்குள் யாரையும் விடுவதில்லை. உப்பு மட்டும் இன்னும் கைக்கு அடங்கவில்லை. தர்மபுரத்துச் சந்தைக்கு நான் போனால், "கொக்கா பரமு மாதிரியே கிடக்கிறாய்" என்று சொல்ல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எனக்கும் நெஞ்சில் ஒரு பொட்டு இருக்கிறது.

அரிவு வெட்டுக் காலத்தில் தொடங்கிய இருமல். தூசி என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். நிற்கவில்லை. கிளிநொச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு எனக்குப் பழக்கமானது. மூன்று வருசத்துக்கு முன்னர் உன் எக்ஸ்ரேயோடு இன்னொரு டொக்டர் அதே யன்னலடியில் அப்படித்தான் நின்றார். பிறகு, கொழும்புக்குப் போய் சீ.ரீ. ஸ்கான் எடுங்கோ என்று உனக்கு எழுதித் தந்த அதே கடிதத்தை எனக்கும் எழுதித் தந்தார். பெயர் மட்டும்தான் வேறு.

பெயர்தான் இங்கே முழுக் கதையும்.

உனக்கு எழுதித் தந்தபோது சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்து ஒரு வருசம் இருக்கும். சமாதானம் என்று சொல்லிச் சனம் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போய்வந்துகொண்டிருந்தது. உன்னிடம் அடையாள அட்டை இல்லை. இடம்பெயர்ந்து வரும்போது கடலேரியில் வள்ளம் ஆடிய ஆட்டத்தில் உன் கைப்பை தண்ணிக்குள் போனது. புது அட்டைக்கு ஊர் விதானையாரிடம் எழுதிக் கொடுத்தாய். பிறப்புச் சாட்சிப் பத்திரம் வேண்டும் என்று திரும்பி வந்தது. அதுவும் அந்தக் கைப்பைக்குள்தானே இருந்தது. வன்னிக்குள் அட்டை இல்லாமல் ஏழு வருசம் சீவித்துவிட்டாய். வன்னியின் வாசலில் இருக்கிற ஓமந்தை ஆமிச் சாவடியைத் தாண்ட அது இல்லாமல் முடியாது.

"என்ர அட்டையைக் கொண்டு போ" என்று சொன்னது நான். நீ முதலில் மாட்டேன் என்றாய். அட்டையில் இருந்த என் இளவயதுப் படம் என்னைவிட உன்னைத்தான் உரித்து வைத்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ர மூக்குத்தான் வடிவு" என்று சொல்லி வாங்கிக்கொண்டாய்.

ஓமந்தையில் சிப்பாய் உன்னைக் காட்டி, இவ யார் என்று அத்தானிடம் கேட்டானாம். அட்டையில் என் பெயர் அல்லவா? அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "மச்சாள்" என்றாராம். பதினாறு வருசம் குடும்பம் நடத்திய மனுசியை மச்சாள் என்று சொன்ன அந்தக் கதையை நீ திரும்பி வந்து எத்தனை தரம் சொல்லிச் சிரித்தாய். அத்தான் எழுந்து வெளியே போய்விடுவார். நீ விடமாட்டாய்.

ஆசுப்பத்திரியிலும் என் பெயரைத்தான் கொடுத்தாய். கொழும்பில் எந்தத் தெருவில் மறித்து விசாரிப்பார்களோ தெரியாது. ஆசுப்பத்திரித் துண்டில் ஒரு பெயரும் அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால் ஆபத்து. அது புத்தியான காரியம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

வந்து இறங்கியதும் நீ எனக்கு விளங்கப்படுத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

"ஒரு ஸ்கான் மட்டும் காணாதாம் ராணி. பாண் வெட்டுற மாதிரி நெஞ்சை மெல்லிசு மெல்லிசாய் வெட்டிப் படம் பிடிக்கினம். எட்டு மில்லிமீற்றரில ஒரு முடிச்சு இருக்காம். அது நல்லதோ கெட்டதோ எண்டு இப்ப தெரியாதாம். மூண்டு மாசத்தால இன்னொண்டு எடுத்து, ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தால், எவ்வளவு கெதியா வளருது எண்டு தெரியுமாம். இனி எப்ப எவ்வளவு வரும் எண்டும் கணக்குப் போடுவினமாம். கெதியா வளந்தால் உடன வெட்டி எடுக்கலாமாம்."

இவ்வளவையும் நீ விளங்கிக்கொண்டு வந்திருந்தாய், அக்கா. அதுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது. விளங்காமல் நடந்த பிழை என்றால் மனம் ஆறலாம்.

அந்த மூன்று மாதத்துக்குள் பிறப்புப் பத்திரத்துக்குப் பிரதி கிடைத்து, உன் புது அட்டையும் வந்தது. உனக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். அதைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, அயலுக்கெல்லாம் காட்டினாய். "இனி நான் நானாய்த்தான் போவன், கள்ளப் பேர் வேண்டாம்" என்றாய். போவதற்கு முதல்நாள் பின்னேரம் அந்த ஸ்கான் படத்தைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாய்.

"இது உன்ர பேரில கிடக்கு. உன்ர பைக்குள்ள வை. என்ர பைக்குள்ள கிடந்து ஓமந்தையில கேட்டால் என்ன சொல்லுறது?"

நம்முடைய ஆட்களின் பத்திரப் பை வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஷெல் விழுந்தால் சோற்றுப் பானையை விட்டுவிட்டு ஓடுவோம், அந்தப் பையை விடமாட்டோம். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருக்கும். யார் பெயரில் உள்ள கடதாசியோ அது அவரவர் பைக்குள். ஒரு பைக்குள் இன்னொருவர் பெயர் இருந்தால் சாவடியில் கேள்வி வரும். அத்தனை இடப்பெயர்வில் நாங்கள் படித்த பாடம் அது. அந்த முறையை நாங்கள் பிசகாமல் செய்தோம். உன் நெஞ்சின் முதல் படம் என் பைக்குள் போனது.

கொழும்பில் அன்றைக்கு வேறு டொக்டர். உன் சொந்தப் பெயருக்குப் புது இலக்கம் போட்டார்கள். முந்தி ஸ்கான் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்களாம். நீ அத்தானைப் பார்த்தாய், அத்தான் உன்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னாய். ஆம் என்றால், எந்தப் பெயரில் என்று அடுத்த கேள்வி வருமே. பத்து மில்லிமீற்றர் என்று எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க முதல் படம் இல்லை, மூன்று மாதத்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

முன்னர் எட்டு, இப்போது பத்து. இரண்டு இலக்கமும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். "ரெண்டு மில்லிமீற்றர்தானேயக்கா, அரிசிக் குறுணிக்கும் காணாது" என்று சொன்னேன் நான். "ஓம், மெசினுக்கு மெசின் வித்தியாசம் இருக்கும்" என்று சொன்னாய் நீ. உன் முகத்தில் இருந்த பயம் போனதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு நல்லாய் வரும் என்று நினைத்தேன்.

மூன்றாவது தரம் போனபோது நெஞ்சுக்குள் இருக்கிற நெறிக்கட்டிகளிலும் ஈரலிலும் பரவியிருந்தது. வெட்டிப் பிரயோசனமில்லை என்றார்கள். அடுத்த ஆனியில் நீ போய்விட்டாய். கடைசிக் கிழமையில் நீ மூச்சுக்கு இழுத்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் விதி என்று என் வாயாலேயே சொன்னேன். அக்கா, அந்த வார்த்தைக்காக என்னை மன்னித்துவிடு.

இனி என் கதை. சித்திரை வருசம் பிறந்த கையோடு நானும் என் மனுசனும் கொழும்புக்குப் போனோம். பழைய மருத்துவத் துண்டு ஏதும் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. நான் வழக்கம்போல் பத்திரப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். உன் படம் அதற்குள் கிடக்கிறது என்பது என் நினைவிலேயே இல்லை.

ஸ்கான் எடுத்த மறுநாள் டொக்டரைப் பார்க்கப் போனோம். அவர் சிங்களவர். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல பரீதா என்று ஒரு தாதி நின்றாள். வாய் திறந்ததும் எங்கள் பக்கத்துக் கதை என்று தெரிந்துவிட்டது. முல்லைத்தீவு தண்ணீரூற்றில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மற்ற முஸ்லிம் சனத்தைப்போல் தகப்பன் தாயோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, இப்போது கொழும்பில் வேலை. பழைய துண்டுகளைக் கேட்டாள். பையைக் கொடுத்தேன். அவள் புரட்டிப் பார்த்து, என் பெயர் போட்ட படத்தை இழுத்து எடுத்தாள்.

"நீங்கள் முந்தியும் இஞ்சை ஸ்கான் எடுத்தனீங்கள்தானே. நல்லதாப் போச்சு" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் டொக்டர் இரண்டு படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகிவிட்டார். இடப்பக்கம் உன் நெஞ்சு, வலப்பக்கம் என் நெஞ்சு. இரண்டிலும் வலது நுரையீரலின் மேற்பக்கத்தில்தான் பொட்டு. முகத்தில்தான் ஒற்றுமை என்று நினைத்திருந்தேன்.

டொக்டர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பரீதா சொன்னாள்: "மூண்டு வருசத்துக்கு முதல் எட்டு இருந்திருக்கு. இப்ப ஏழு. சுருங்கித்தான் கிடக்கு. இவ்வளவு காலம் வளராத முடிச்சு பழைய சளித் தழும்பாய்த்தான் இருக்குமாம். பயப்பட வேண்டாம். ஒரு வருசத்தால வந்தால் காணும்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளியே வரிசையில் சனம், வாசலில் பொலிஸ். எங்கே பார்த்தாலும் மறிப்பும் சோதனையும் திரும்பத் தொடங்கிவிட்ட நேரம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். பயம் பாதிதான். மிச்சப் பாதி, அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. சுருங்கித்தான் கிடக்கு. யாருக்குத்தான் பிடிக்காது? இவர் ஆசுப்பத்திரி வாசலிலேயே எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். நானும் குடித்தேன்.

பத்து நாள் அந்தச் சொல்லை நம்பிக்கொண்டு திரிந்தேன். பதினோராம் நாள் அத்தான் மண்வெட்டியோடு வயலில் இருந்து வந்து, எங்கள் வேலியடியில் நின்று விசாரித்தார்.

"என்ன சொன்னவை ராணி?"

"சுருங்கிட்டுதாம் அத்தான். எட்டு ஏழாய்ப் போச்சாம்."

"உனக்கு எப்ப எட்டு இருந்தது?"

அத்தான் மண்வெட்டியை நிலத்தில் வைத்தார். உன்னைவிட மெதுவாகத்தான் அவருக்கு எதுவும் விளங்கும் என்று நீ நெடுகப் பகிடி பண்ணுவாய். அன்றைக்கு அவருக்குத்தான் முதலில் விளங்கியது.

"பரமுவின்ர படத்தை வைச்செல்லோ பாத்திருக்கினம்" என்றார்.

இவர் உள்ளே இருந்து வந்தார். "விடுங்கோ அண்ணை. நல்லது எண்டுதானே சொன்னவை. இந்த நேரத்தில போய் அட்டை மாத்தி வந்தனாங்கள் எண்டு சொன்னால் பிடிச்சு உள்ளுக்க போடுவாங்கள். இவளோட சேத்து உங்களையும்தான். பக்கத்தில நிண்டு மச்சாள் எண்டு சொன்னது நீங்கள்."

அத்தான் என்னிடம் சொன்னார்: "அண்டைக்கு அவள் என்ர முகத்தைப் பாத்தவள். சொல்லட்டோ எண்டு கேக்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினனான், வேண்டாம் எண்டு. நீ போய்ச் சொல்லு ராணி. நானும் வாறன். அவளின்ர மற்ற ரெண்டு படமும் என்னட்டைத்தான் கிடக்கு. கொண்டு வாறன்."

இவருக்குக் கோபம். எனக்கு அதைவிடக் கோபம். "ஒருத்தியை வாய் மூடியே சுடலைக்கு அனுப்பினது காணும். எனக்கும் அதே வழியோ?" என்று கேட்டேன். பஸ்ஸுக்குச் சாப்பாடு கட்டித் தந்தது இவர்தான்.

ஓமந்தையில் என் பையைக் கொட்டிப் பார்த்தாள் ஒரு பெண் சிப்பாய். அத்தான் கொண்டுவந்த இரண்டையும் சேர்த்து நாலு படம், இரண்டு பெயர். யாருடையது என்று கேட்டாள். "எங்கட அக்காவின்ரயும் என்ரயும். அக்கா செத்துப்போனா" என்றேன். அவள் ஒரு படத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நெஞ்சுக்கூடு. உறைக்குள் போட்டுத் திருப்பித் தந்துவிட்டாள். அவ்வளவுதான், அக்கா. நாங்கள் அவ்வளவு பயந்த கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். உன்னுடைய நாளில் இருந்தவளும் அப்படித் தந்திருப்பாளா? அது எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்திருக்கலாம் என்பதுதான் எனக்குத் தெரியும்.

பரீதா எங்களைக் கண்டதும், "வருசம் ஆகேல்லையே?" என்றாள். நான் நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். கடலேரி, கைப்பை, அட்டை, இரண்டு பை. அவள் இடையில் ஒரு தரம்கூட மறிக்கவில்லை. முடிந்ததும், "எங்கட வாப்பாவும் அப்பிடித்தான். ஊரை விட்டு வரேக்க ஒரு கடதாசியும் கொண்டுவர விடேல்லை. தான் ஆர் எண்டு காட்ட அவருக்கு எட்டு வருசம் எடுத்தது" என்று சொல்லி, கதவைத் தட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் கேட்டு முடிய, தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னதைப் பரீதா தமிழில் சொன்னாள்: "அவர் டொக்டர்தானாம், பொலிஸ் இல்லையாம். நெஞ்சு ஆரின்ர எண்டு சரியாத் தெரிஞ்சால் அவருக்குக் காணுமாம்."

அத்தான் உன் இரண்டாவது படத்தைக் கொடுத்தார். முதலாவதும் இரண்டாவதும் வெளிச்சப் பெட்டியில் ஒன்றாக ஏறின. மூன்று மாத இடைவெளியில் எடுத்த உன்னுடைய இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தரம்.

டொக்டர் கடதாசியில் இரண்டு வட்டம் கீறினார். ஒன்றுக்கு எட்டு, மற்றதற்குப் பத்து. குறுக்களவு இரண்டுதான் கூடியது. ஆனால் அது வட்டமில்லை, உருண்டை. அகலத்தில் காற்பங்கு கூடினால் உள்ளே இருக்கிற சதை இரட்டிப்பு ஆகிவிடும். மூன்று மாதத்தில் இரட்டிப்பு என்பது கெட்ட வேகம். பரீதா சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. வருசம் முழுக்கப் பூசணிக்காய் விற்கிறவள் நான். நாலு விரல் அகலம் கூடிய காய் தராசில் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? கையில் தூக்கியே நிறை சொல்லுகிறவள், உன் நெஞ்சுக்குள் இருந்ததை மட்டும் குறுணி என்று சொன்னேன்.

டொக்டர் ஏதோ கணக்குப் போட்டு, மூன்றாவது வட்டம் ஒன்று கீறினார். இதே வேகத்தில் போனால் அடுத்த மூன்று மாதத்தில் இவ்வளவு இருக்கும் என்று அதற்குப் பக்கத்தில் ஒரு இலக்கம் எழுதினார். பதின்மூன்றுக்குக் கொஞ்சம் குறைய. அப்போதுதான் அத்தான் மூன்றாவது படத்தை உறையில் இருந்து எடுத்தார். அதன் அறிக்கையில் பதின்மூன்று என்று இருந்தது.

அத்தான் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் கேட்டேன். கேட்காமல் வரக்கூடாது என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போன கேள்வி. "அண்டைக்கு நாங்கள் சொல்லியிருந்தால் அக்கா இருந்திருப்பாவோ?"

டொக்டர் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பரீதா கொஞ்சம் பிந்தித்தான் தமிழில் சொன்னாள். "அதை ஒருத்தராலும் சொல்ல ஏலாதாம். அப்பவே மற்ற இடத்துக்கும் போயிருக்கலாம். ஆனா அந்த ரெண்டு படத்தையும் சேத்துப் பாத்திருந்தால், அந்தக் கிழமையே வெட்டச் சொல்லி எழுதியிருப்பாராம்."

அக்கா, நான் அழுதேன். ஆனால் பொய்யாகத் தேற்றாமல் ஒருவர் எனக்குப் பதில் சொன்னாரே என்று மனம் ஒரு பக்கம் நிமிர்ந்தது. அதற்குப் பிறகு டொக்டர் உன் முதல் படத்தில் ஒட்டியிருந்த என் பெயரைக் கோடிழுத்து வெட்டினார். மேலே பரமேஸ்வரி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். என் துண்டில் ஒரு வருசம் என்று இருந்ததையும் வெட்டினார். மூன்று மாதம் என்று எழுதினார். சுருங்கியது என்ற சொல்லும் வெட்டுப்பட்டது. ஏழு மில்லிமீற்றர், முதல் ஸ்கான், வேகம் தெரியாது. இப்போது என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பத்து நாள் வைத்திருந்த நல்ல செய்தியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இது என்னுடையது.

அடுத்த ஸ்கான் ஆடி அமாவாசை முடிந்த கையோடு. ஆனால் பாதை அதுவரைக்கும் திறந்திருக்குமா? சனம் எல்லாம் வேறு மாதிரிக் கதைக்கிறது. ஒவ்வொரு கிழமையும் ஒரு குண்டுச் செய்தி. இன்றைக்குப் பூட்டுவார்கள், நாளைக்குப் பூட்டுவார்கள் என்று சந்தையில் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி அடுக்குகிறார்கள். பூட்டின பிறகு அழுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. உன் திவசத்துக்குப் படைத்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டு, அடுத்தநாள் காலை முதல் பஸ்ஸில் வெளிக்கிடுகிறேன். பரீதாவின் மாமி வவுனியாவில் இருக்கிறா. ஒரு மாதமோ இரண்டு மாதமோ அங்கே நின்றுகொள்ளச் சொல்லியிருக்கிறா. பாதையைப் பூட்டினால் பூட்டட்டும், நான் அந்தப் பக்கத்தில் நிற்பேன்.

"அப்ப வீட்டை ஆர் பாக்கிறது?" என்று இவர் கேட்டார். "நீங்கள்தான்" என்றேன். உப்பு எவ்வளவு போடுவது என்று அத்தானிடம் மட்டும் கேட்கவேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

இதை வாசிக்கிற ஆட்களுக்கும் ஒரு சொல். சமாதானம் வந்தபோது தங்கச்சியின் அட்டையில், மச்சானின் அட்டையில், செத்துப்போனவரின் அட்டையில் ஆசுப்பத்திரிக்குப் போனவர்கள் எங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு வழி எங்களுக்கு இருக்கவில்லை. ஆனால் உங்கள் உடம்பின் பழைய படம் வேறு பெயரில் எங்கேயாவது கிடந்தால் அதைத் தேடி எடுங்கள். டொக்டரிடம் கொண்டுபோய் உண்மையைச் சொல்லுங்கள். இதை எழுதியதற்காக என்னை யாராவது விசாரிக்க வந்தால் வரட்டும். ஒருவராவது தன் படத்தை எடுத்துக்கொண்டு போனால் எனக்கு அது போதும்.

அக்கா, என் முடிச்சு வளர்ந்திருந்தால் வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். வளராமல் இருந்தால் அடுத்த தவணைக்கும் போவேன், அதற்கடுத்த தவணைக்கும் போவேன். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அது நல்லதா கெட்டதா என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவும் விடமாட்டேன். உனக்கு நான் சொன்ன ஆறுதல் ஒன்றே எங்கள் குடும்பத்துக்குப் போதும்.

உன்னிடம் மூன்று படம் இருந்தது. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவதை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் ஓமந்தைக்கு இந்தப் பக்கம் திரும்பமாட்டேன். உனக்குத் தருகிற வாக்கு இது.

இந்தமுறை தன் பெயரில் தானே போகிற
உன் தங்கச்சி,
யோகராணி